கை வேலை எந்தத் தூரத்தில்? ஏ.ஆர். கண்ணாடி வாங்குமுன் ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி பொருத்தித் தருவது என் தொழில். புதுக் கண்ணாடி போட்டதும் படி இறங்கப் பயமாக இருக்கிறது என்பவருக்கும், பைஃபோக்கலில் கோடு தெரியக் கூடாது என்பவருக்கும் பதில் சொல்லிப் பழகியவள் நான். கொஞ்ச காலமாக வேறொரு கேள்வி வந்துகொண்டிருக்கிறது: "அக்கா, ஏ.ஆர். கண்ணாடி வாங்கலாம்னு இருக்கேன். எது கண்ணுக்கு நல்லது?" ஏ.ஆர். என்றால் ஆக்மென்டட் ரியாலிட்டி: நிஜ உலகத்தின் மேல் கணினி எழுத்தும் படமும் மிதப்பது போலக் கண் முன்னே காட்டுவது.

கேட்டவர்களில் மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கும் தம்பி. கோபுரத்தின் உச்சியில் ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் போனில் வயரிங் படம் என்று திண்டாடுகிறவர். இரண்டாமவர் மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறார், சின்ன அறை, பெரிய மானிட்டர் வைக்க இடமில்லை. மூன்றாமவர் வடசேரியில் கோயில் நகை செய்யும் பெரியவர். அவருடைய மகன்தான் அழைத்து வந்தார். கெம்புக்கல் பதிக்கும்போது டிசைன் கண் முன்னே மிதந்தால் அப்பாவுக்கு வேலை எளிதாகுமே என்பது அவர் ஆசை.

மூன்று பேரும் தேடியது ஒரே பெயருள்ள பொருள். மூவருக்கும் நான் சொன்ன பதில் வெவ்வேறு.

## எதை வைத்து எடை போடுவது

### காட்சி நிற்கும் தூரம், கை நிற்கும் தூரம்

இதுதான் முதல் அளவுகோல். விளம்பரத்தில் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது.

பக்கத்தில் ஒன்றைப் பார்க்கும்போது நம் கண்கள் இரண்டு காரியம் செய்கின்றன. இரண்டு விழிகளும் மூக்குப் பக்கமாகத் திரும்புகின்றன. உள்ளே இருக்கும் லென்ஸ் புடைத்துக் குவியத்தைக் கிட்டே கொண்டுவருகிறது. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி இவை சேர்ந்தே போகும். முப்பரிமாணம் காட்டும் ஏ.ஆர். கண்ணாடியில் ஒரு மாடு முன்னே இழுக்கும், இன்னொன்று நின்ற இடத்திலேயே நிற்கும். பொருள் கைக்கெட்டும் தூரத்தில் மிதப்பதாக விழிகள் திரும்பும். ஒளி வருவது என்னவோ தூரத்துத் திரையிலிருந்து வருவது போல.

மைக்ரோசாஃப்டின் ஏ.ஆர். கண்ணாடியான ஹோலோலென்ஸ் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எதைக் காட்டினாலும் குவியம் 2 மீட்டரில்தான். உங்கள் கை 40 சென்டிமீட்டரில் இருக்கிறது. 2 மீட்டருக்குக் கண் லென்ஸ் செய்ய வேண்டிய வேலை 0.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு), 40 சென்டிமீட்டருக்கு 2.5. நடுவில் 2 டயாப்டர் வித்தியாசம். 50 வயது தாண்டியவருக்கு வெள்ளெழுத்துக்காக நான் எழுதிக் கொடுக்கும் கூடுதல் பவரே ஏறக்குறைய இவ்வளவுதான். ஆகவே திருகாணியும் அதன் மேல் மிதக்கும் அம்புக்குறியும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. ஒன்று தெளிந்தால் மற்றது கலங்கும். இளம் கண் இரண்டுக்கும் நடுவே மாறி மாறி ஓடிச் சமாளிக்கும். அந்த ஓட்டம்தான் மாலையில் நெற்றிவலியாக வருகிறது. மைக்ரோசாஃப்டே செயலி எழுதுகிறவர்களுக்குக் காட்சிகளை 1.25 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்குள் வையுங்கள், 2 மீட்டர் உத்தமம் என்றுதான் சொல்கிறது. விழித் திருப்பமும் குவியமும் முரண்பட்டால் களைப்பு கூடுகிறது, உருவத்தைப் புரிந்துகொள்ளவும் நேரமாகிறது என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2008-லேயே காட்டிவிட்டார்கள்.

களைப்பு நமக்குத் தெரிந்துவிடும். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தெரியாமல் போகும் பிழை. இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்தினர் 20 பேருக்கு ஹோலோலென்ஸ் மாட்டி, காகிதத்தில் புள்ளிகளை அளவுகோல் வைத்து இணைக்கச் சொன்னார்கள். வெறுங்கண்ணால் செய்ததைவிடக் கண்ணாடியோடு செய்தது மோசமாக இருந்தது. ஆனால் தாங்கள் மோசமாகச் செய்ததை அவர்கள் உணரவில்லை. 2020-ல் வெளியான ஆய்வு இது. "போட்டுப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது" என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த இருபது பேர் ஞாபகம் வருவார்கள். கண்ணுக்குச் சுகமாக இருப்பது ஒன்று, வேலை சரியாக நடப்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும்.

### வெயில்

ஊடே பார்க்கும் கண்ணாடிகளில் பெரும்பாலானவை ஒளியைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. கறுப்பு நிறம் அவற்றில் கிடையாது. கறுப்பு என்றால் அங்கே வெறும் கண்ணாடிதான்.

நடுப்பகலில் கன்னியாகுமரிக் கரையில் வெளிர் மணலின் பிரகாசம் 10,000 நிட் (பிரகாசத்தின் அலகு) அளவுக்குப் போகும். கண்ணாடித் திரை 500 நிட் தருகிறது என்றால் எழுத்து விழும் இடம் 10,500. வித்தியாசம் 5 சதவீதம், எழுத்து கரைந்துபோகும். அதே திரை, வீட்டுக்குள் 100 நிட் பிரகாசமுள்ள சுவரின் மேல் எழுதினால் 600-க்கு 100, பளிச்சென்று இருக்கும். பின்னால் என்ன இருக்கிறது என்பதும் சேர்த்தி: மணவாளக்குறிச்சிக் கருமணலின் மேல் படிக்கக் கிடைக்கும் எழுத்து, வெளிர் மணலின் மேல் காணாமல் போகும்.

இரவல் வாங்கிய ஒரு கண்ணாடியோடு முக்கடல் கூடும் இடத்தில் நானே நின்று பார்த்தேன். வள்ளுவர் சிலைப் பக்கம் திரும்பினால் பின்னால் வானமும் கடலும். ஓர் எழுத்துகூட நிற்கவில்லை. உடன் வந்த கறுப்பு மூடியை முன்னால் மாட்டினேன். எழுத்து வந்தது, காலடியில் இருந்த படி போய்விட்டது. கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் இறங்கினேன். அதே கண்ணாடி பத்மநாபபுரம் அரண்மனை மாதிரியான அரையிருட்டு மரக்கூடத்துக்குள் நன்றாக உழைக்கும். முற்றத்துக்கு வந்ததும் திணறும்.

### கூர்மை, எடை, பவர்

குறையில்லாத 6/6 பார்வைக்கு, கண் பார்க்கும் பரப்பில் ஒரு பாகைக்குள் திரையின் 60 புள்ளி வேண்டும். 40-க்கு மேல் இருந்தால் எழுத்து வாசிக்கச் சிரமமில்லை. எடையில், நாம் தினமும் போடும் கண்ணாடி 25, 30 கிராம். 80 கிராம் மூக்கின் மேல் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் இரு பக்கமும் சிவந்த தழும்பு தெரியும். 500 கிராம் தலையைச் சுற்றிப் பரவினால் மூக்கு தப்பும், கழுத்து வாங்கும்.

பவர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சில கண்ணாடிகளில் கிட்டப்பார்வைக்குத் திருகு உண்டு: ரோகிட் மேக்ஸில் மைனஸ் 6 வரை, விட்சர் புரோவில் மைனஸ் 5 வரை. ஆனால் சிலிண்டர் பவரை, அதாவது கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததற்குக் கொடுக்கும் பவரை, அந்தத் திருகு சரிசெய்யாது. சிலிண்டர் 0.75-க்கு மேல் இருந்தால் தனி லென்ஸ் செய்து உள்ளே மாட்டியாக வேண்டும். இரு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம், நாங்கள் பி.டி. என்று எழுதுவோமே, அதுவும் கண்ணாடியின் அளவோடு ஒத்துப்போக வேண்டும். 57 மில்லிமீட்டர் பி.டி. உள்ள பெண்ணுக்கும் 70 உள்ள ஆணுக்கும் ஒரே கண்ணாடி பொருந்தும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

### சுற்றி நடப்பது கண்ணில் படுமா

1980-ல் நாசா ஒரு சோதனை செய்தது. விமானத்தின் முன்கண்ணாடியிலேயே தகவல் தெரியும் அமைப்பில் எட்டு விமானிகளைப் பாவனை விமானம் ஓட்ட வைத்தார்கள். இறங்கும் ஓடுபாதையில் இன்னொரு விமானத்தைக் குறுக்கே காட்டினார்கள். இரண்டு பேர் அதைக் காணவே இல்லை. பார்வையை மறைக்க எதுவும் இல்லை. கவனம்தான் எழுத்திலேயே ஒட்டிக்கொண்டது. காற்றாலை ஏணியிலும், வள்ளத்தின் விளிம்பிலும், பஸ் ஸ்டாண்டிலும் இதுதான் நடக்கும்.

## ஐந்து வகைகள்

### கேபிள் வழிக் கண்ணாடி: எக்ஸ்ரியல், ரோகிட், விட்சர்

போனிலோ லேப்டாப்பிலோ செருகினால் எதிரே பெரிய திரை தெரியும். எக்ஸ்ரியல் ஏர் 79 கிராம், 46 பாகைப் பார்வைப் பரப்பு, பாகைக்கு 49 புள்ளி. வாசிக்க, படம் பார்க்க, புரோகிராம் எழுத இந்தக் கூர்மை போதும்.

இந்த வகையில் திரை மீட்டர் கணக்கில் தள்ளி நிற்பது போலத் தெரியும். முப்பரிமாண வித்தை இல்லாமல் தட்டையான திரையை மட்டும் பார்த்தால் விழித் திருப்பமும் குவியமும் பெரிதாக முரண்படாது. 45 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தவருக்கு இது எதிர்பாராத வசதி: லேப்டாப்பைப் பார்க்கத் தேவைப்படும் கிட்டப் பவர் இந்தத் திரைக்குத் தேவையில்லை, தூரப் பவரே போதும். குனிந்து கீபோர்டைப் பார்த்தால் மட்டும் மங்கும். பார்க்காமல் தட்டத் தெரிந்தவருக்கு அதுவும் பிரச்சினை இல்லை.

வெளியே வெயிலில் இதற்கு வேலை இல்லை. ஓடும் பஸ்ஸிலும் வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும், கண்ணாடிக்குள் இருக்கும் சென்சார் நீங்கள்தான் தலையைத் திருப்பினீர்கள் என்று நினைத்துத் திரையை ஓரத்துக்குத் தள்ளும். உள்காதின் சமநிலை உணர்வு ஒன்று சொல்லும், கண் இன்னொன்று சொல்லும், வயிறு பிரட்டும். திரையைத் தலையோடு ஒட்டிவைத்தால் தள்ளாது, ஆனால் குலுங்கும்.

மறைமுகச் செலவு: உங்கள் போனின் சி-டைப் துளையில் படம் வெளியே வரும் வசதி இருக்க வேண்டும், குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் கிடையாது. வாங்கி வந்து செருகி, ஒன்றும் தெரியாமல் போனையும் மாற்றியவர் எனக்குத் தெரிந்தவரிலேயே உண்டு. உள்லென்ஸ் செலவு தனி. பவர் மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும்.

### ஒற்றைக் கண் திரை: ரியல்வேர் போன்றவை

ஹெல்மெட்டில் மாட்டும் ஒரு கை. அதன் நுனியில் ஒரு கண்ணுக்குக் கீழே சின்னத் திரை. பார்வைக்கு, கை நீட்டிப் பிடித்த 7 அங்குல டேப்லெட் மாதிரி இருக்கும். குரலால் இயக்கலாம். ரியல்வேர் எச்.எம்.டி.-1 380 கிராம், குவியம் 1 மீட்டர், தூசியும் நீர்ப்பீச்சலும் தாங்கும் ஐ.பி.66 தரம்.

பார்க்க அழகாக இருக்காது. படம் எந்தப் பொருளின் மேலும் மிதக்காது. ஆனால் கைவேலைக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். திரைக்கும் கைக்கும் வேறு வேறு இடம். கண் ஒன்றைப் பார்த்து முடித்து மற்றொன்றுக்குப் போகும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டிய கட்டாயம் இல்லாததால், நான் முன்னால் சொன்ன நுகம் பிசகுவதில்லை. திரை ஊடே தெரியாத வகை என்பதால் வெயிலும் எழுத்தைக் கரைக்காது. வேண்டாதபோது திரைக் கையை மேலே தூக்கிவிடலாம். ஏணி ஏறும்போது தூக்கியே ஆக வேண்டும்.

இந்தத் துறையில் வெற்றிக் கதையாகச் சொல்லப்படுபவை எவை என்று கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். ஏ.ஆர். என்ற பெயர் 1990-களின் தொடக்கத்தில் போயிங்கில் டாம் காடெல் விமான வயர்க்கட்டு வேலைக்காக யோசித்தபோது பிறந்தது. பிற்பாடு அதே வயர்க்கட்டு வேலைக்குச் சின்னத் திரைக் கண்ணாடி கொடுத்ததில் நேரம் 25 சதவீதம் குறைந்தது என்று போயிங் சொன்னது. 2015-ல் கூரியர் நிறுவனமான டி.எச்.எல். நெதர்லாந்துக் கிடங்கில் பொருள் எடுப்பவர்களுக்குக் கொடுத்து, வேகம் 25 சதவீதம் கூடியது என்று அறிவித்தது. இரண்டு இடத்திலும் கண்ணாடி காட்டியது எண்ணும் சிறு குறிப்பும்தான். மில்லிமீட்டர் கணக்கில் பொருத்திக் காட்டச் சொல்லவில்லை.

குறை உண்டு. ஒரு கண்ணுக்கு மட்டும் படம் என்பது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இரு கண்களும் போட்டி போட்டு, எழுத்து வந்து வந்து மறையும். எந்தக் கண் ஓங்கிய கண், அதாவது மூளை முதன்மையாக எடுத்துக்கொள்ளும் கண், என்று முதலில் பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு தென்னையின் மண்டையை அதற்குள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடியதும் தென்னை காணாமல் போகிறதோ அதுதான் ஓங்கிய கண். திரையை முதலில் அந்தப் பக்கம் வைத்துப் பழகுங்கள். பைஃபோக்கல் போடுகிறவர் கீழ்வளையம் வழியாகத் திரை தெரிகிறதா, மேல்பாகம் வழியாகவா என்று பார்த்துத் திரைக் கையின் உயரத்தை மாற்ற வேண்டும்.

### இரு கண் முப்பரிமாணம்: ஹோலோலென்ஸ் 2, மேஜிக் லீப் 2

எல்லோரும் ஏ.ஆர். என்று மனதில் நினைப்பது இதைத்தான். இயந்திரத்தின் மேலேயே அதன் உள்ளுறுப்பு தெரியும். ஹோலோலென்ஸ் 2 566 கிராம், 52 பாகை. சாதாரணக் கண்ணாடிக்கு மேலேயே போடலாம். மேஜிக் லீப் 2 தலையில் 260 கிராம்தான், கணினிப் பகுதி இடுப்பில் தொங்கும், 70 பாகை, வெளி ஒளியைத் தேவையான அளவு மங்கச் செய்யும் வசதி இருப்பதால் வெளிச்சத்தில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இதற்குப் பவர் லென்ஸ் தனியாகச் செய்து மாட்ட வேண்டும்.

ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் வேலைக்கு இவை அருமை. பொறியியல் கல்லூரியில் டர்பைன் மாதிரியைச் சுற்றி மாணவர்கள் நிற்கிறார்கள், பெரிய இயந்திரத்தில் எந்த வால்வு என்று காட்ட வேண்டும், கட்டப் போகும் வீட்டுக்குள் நடந்து பார்க்க வேண்டும். இங்கெல்லாம் காட்சித் தூரமும் வேலைத் தூரமும் ஒத்துப்போகும். கைக்கெட்டும் தூரத்தில் துல்லியம் கேட்கும் வேலை என்றால், பீசா ஆய்வை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் மறைமுகச் செலவு விலையைவிடப் பெரியது. ஹோலோலென்ஸ் 2 3,500 டாலருக்கு வந்தது. 2024 அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்துவிட்டது, பாதுகாப்பு அப்டேட் 2027 முடிய மட்டும். முதல் மேஜிக் லீப் 2024 டிசம்பர் 31-ஓடு சேவையை இழந்தது. கூகுள் கிளாஸின் நிறுவனப் பதிப்பு 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. பழைய சரக்கு மலிவாக வருகிறது என்று கல்லூரிகள் கேட்கின்றன. எத்தனை ஆண்டு ஓடும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

### கேமரா வழி ஹெட்செட்: மெட்டா குவெஸ்ட் 3, ஆப்பிள் விஷன் புரோ

கண்ணை முழுதாக மூடி, வெளியே இருக்கும் கேமரா பார்ப்பதை உள்ளே திரையில் காட்டுபவை. கறுப்பு கறுப்பாகவே தெரியும், காட்சி பொருளோடு ஒட்டி நிற்கும், குவியப் போட்டி இல்லை. நிஜமும் கற்பனையும் ஒரே திரையில் அல்லவா இருக்கின்றன.

ஆனால் நிஜ உலகின் கூர்மை குறைந்துவிடும். குவெஸ்ட் 3-ல் கேமரா வழிக் காட்சி பாகைக்கு 18 புள்ளி என்பது மெட்டா சொன்ன கணக்கு. 60-ஐ 18-ஆல் வகுத்தால் 3.3. எங்கள் அட்டைக் கணக்கில் ஏறக்குறைய 6/20. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 6/18-க்குக் கீழே போனால் மிதமான பார்வைக் குறைபாடு. நல்ல கண்ணோடு இருக்கும் பிள்ளையை அந்த நிலைக்கு இறக்கி, ஸ்பானரைக் கையில் கொடுக்கிறோம். எனக்கு மனசு வரவில்லை. ஆப்பிளில் கூர்மை கூடுதல், கேமராவில் பட்டது கண்ணுக்கு வர 12 மில்லிநொடிதான். ஆனால் 600 கிராமுக்கு மேல் எடை, 3,499 டாலர் விலை.

பேட்டரி தீர்ந்தால் முன்னால் இருட்டு. ஆகவே உயரத்திலும், ஓடும் இயந்திரத்தின் பக்கத்திலும் கூடவே கூடாது. குவெஸ்ட் 3 515 கிராம், எடை முழுதும் முகத்தின் முன்னால். நம் ஊர் ஈரக்காற்றில் நெற்றிப் பஞ்சு வேர்வையில் ஊறும். ஒருவர் போட்டதை அடுத்தவருக்கு மாட்டுமுன் துடைக்க வேண்டும். கழற்றி ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள்: லென்ஸ் வழியாக விழும் வெயில் உள்திரையைச் சுட்டுவிடும்.

அறைக்குள் உட்கார்ந்து பயிற்சி எடுக்க, நிஜத்தில் செய்தால் ஆபத்தான வேலையை ஒத்திகை பார்க்க, கொடுக்கும் காசுக்கு இதுதான் லாபம்.

### அன்றாடக் கண்ணாடி வடிவம்: மெட்டா ரே-பேன் டிஸ்பிளே போன்றவை

2025 செப்டம்பரில் அமெரிக்காவில் 799 டாலருக்கு வந்தது. 69 கிராம், வலது கண்ணுக்கு மட்டும் 20 பாகைச் சிறு திரை, 5,000 நிட் வரை பிரகாசம் என்பதால் வெயிலிலும் எழுத்து நிற்கும். வழி, மெசேஜ், மொழிபெயர்ப்பு என்று ஒரு பார்வையில் முடியும் விஷயத்துக்குச் சரி. இடது கண் ஓங்கியவருக்கு யோசனை தேவை. வண்டி ஓட்டும்போது போட வேண்டாம். நாசா சோதனையைச் சொன்னது அதற்குத்தான்.

## ஒரே பார்வையில்

| வகை | எடை | வெயிலில் | கை எட்டும் வேலை | எங்கே சரி | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|---|---|
| கேபிள் வழி | 80 கிராம் அளவு | நிற்காது | உதவாது | அறைக்குள் பெரிய திரை | உள்லென்ஸ், பொருந்தும் போன் |
| ஒற்றைக் கண் திரை | 380 கிராம் வரை | நிற்கும் | நல்லது | பழுது, ஆய்வு, கிடங்கு | பழக ஒரு வாரம், குறிப்புகளைச் சுருக்கி எழுதும் உழைப்பு |
| இரு கண் முப்பரிமாணம் | 260 முதல் 566 கிராம் | சுமார் | துல்லியத்துக்கு ஆகாது | 1.5 மீட்டருக்கு அப்பால் காட்டுவது | ஆதரவு நின்றுபோவது |
| கேமரா வழி | 515 கிராம் முதல் | கூடாது | கூர்மை போதாது | உட்கார்ந்து பயிற்சி | வேர்வை, பேட்டரி, சுத்தம் |
| அன்றாட வடிவம் | 69 கிராம் | நிற்கும் | சிறு குறிப்புக்கு | வழி, மெசேஜ் | வலது கண் மட்டும் |

## வாங்குமுன் 40 நிமிடம்

கடையில் 5 நிமிடம் போட்டுப் பார்ப்பது எதையும் சொல்லாது. முதல் பத்து நிமிடம் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். 40 நிமிடம் இரவல் கேளுங்கள். உங்கள் சொந்த வேலையைச் செய்யுங்கள்.

வேலையை எண்ணக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது பார்ட் நம்பரை இப்போது செய்கிற முறையில் எடுத்து எழுதுங்கள்; நேரமும் தப்பும் குறியுங்கள். பிறகு கண்ணாடி போட்டு வேறு இருபது. தப்பை நீங்களே எண்ணாதீர்கள், பக்கத்தில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். கழற்றியதும் தெருக்கோடியில் உள்ள ஒரு போர்டைப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேலும் மங்கலாகவோ இரட்டையாகவோ தெரிந்தால் அந்தக் கண்ணாடி உங்களுக்கு வேண்டாம்.

கண் இமைக்கிறீர்களா என்றும் ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 15, 20 தடவை இமைப்போம்; திரையைப் பார்க்கும்போது அது நன்றாகக் குறையும். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கிறவருக்கு ஏற்கெனவே கண் உலர்ந்திருக்கும். அதோடு இமைக்காமல் இருந்தால் மண் விழுந்தது போல உறுத்தும்.

மாறுகண், சிறுவயதிலேயே மங்கிப்போன ஒரு கண், ஒற்றைத் தலைவலி, வலிப்பு இருப்பவர்கள் கண் டாக்டரிடம் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

## மூன்று பேரும் என்ன செய்தார்கள்

வடசேரிப் பெரியவருக்கு வேலைத் தூரம் அளந்தேன்: 28 சென்டிமீட்டர். கணக்கில் 3.6 டயாப்டர். நான் பார்த்த எந்த ஏ.ஆர். கண்ணாடியின் குவியமும் அங்கே வராது. வந்தாலும், அரை மில்லிமீட்டர் விலகினால் கல் சாயும். அவர் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு மகனிடம் கழற்றிக் கொடுத்தார். "மக்களே, இது எனக்கு ஆவாது. கல்லும் தெரியல, கையும் தெரியல." அவருக்குச் சரியான கிட்டப் பவரில் ஒரு வேலைக் கண்ணாடியும், வட்ட விளக்கோடு கூடிய பூதக்கண்ணாடியும் எழுதிக் கொடுத்தேன். டிசைனை மகன் பெரிதாகப் பிரின்ட் எடுத்து எதிரே மாட்டியிருக்கிறார்.

காற்றாலைத் தம்பிக்கு ஒற்றைக் கண் திரை. அவருடைய கம்பெனியில் இரண்டு வாங்கி முறை வைத்துப் போடுகிறார்கள். அவருக்கு ஓங்கிய கண் இடது. திரையை இடப்பக்கம் மாற்றிய பிறகுதான் எழுத்து நின்றது. கோபுர உச்சியில் இயந்திரம் இருக்கும் நாசெல் என்ற அறைக்குள் காற்றிரைச்சலில் சில கட்டளைகளை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறதாம். ஏணியில் திரைக் கையை மேலே தூக்குவதை அவர்களே விதியாக எழுதி, கோபுரக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

மார்த்தாண்டத்துக்காரர் நான் பார்க்குமுன்பே கேபிள் வழிக் கண்ணாடி வாங்கிவிட்டார். பத்து நாளில் வந்தார். "அக்கா, படம் சூப்பரா இருக்கு. ரெண்டு மணிக்கூர் ஆச்சுன்னா நெத்தி வலிக்கி. திருப்பிக் குடுத்துரவா?" அவர் பவரைத் திருகில் மைனஸ் 2 என்று வைத்திருந்தார். பரிசோதித்தால் இரண்டு கண்ணிலும் சிலிண்டர் 1.00, நாலு வருஷமாகப் பவரே பார்க்கவில்லை. சிலிண்டரோடு உள்லென்ஸ் செய்து, அவருடைய 62 பி.டி.க்குப் பொருத்திக் கொடுத்தேன். முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் தூரத்து ரப்பர் தோட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். போன வாரம் மனைவியின் கண்ணாடிக்காக வந்தபோது விசாரித்தேன். நெற்றிவலி இல்லையாம், மூக்கில் மட்டும் தழும்பு. மெத்தென்ற மூக்குப் பட்டை ஒரு ஜோடி எடுத்து மாட்டிவிட்டேன்.